கை எட்டாத பலகை

"அக்கா, என் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேணும்."

அக்கா வீட்டில் தங்கியிருக்கும்வரை இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சொல்லித்தான் அம்மா என்னைத் திரும்ப அனுப்பியிருந்தாள்.

அக்கா பூனைக்கு ஏணி செய்துகொண்டிருந்தாள். கம்பத்தில் கயிறு சுற்றி முடித்து, உச்சியில் பலகை பொருத்தும் வேலை.

"குடும்பத்தோட முதல் பட்டதாரிக்குத் தாழ்ப்பாள் கேக்குதோ? இங்க யாருடி வெளியாளு?"

"வெளியாளு யாரும் இல்லை."

அவள் பலகையை இன்னும் மேலே ஏற்றினாள்.

"பூனைக்கு எதுக்குக்கா இவ்வளவு உயரம்?"

"உங்க அத்தான் கை எட்டக் கூடாதுல்ல. பாவம், அவர் உள்ள வந்தாலே நடுங்குது."

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"தாழ்ப்பாள் போட்டா, ஏன்னு கேப்பாருடி."

எனக்கு அழுகைகூட வரவில்லை. காலையிலேயே கட்டி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.