எத்தனை காலடி தூரம்

"பாய், பெட்டியில போட்டிருக்கிற தூரமெல்லாம் எனக்கு வேணாம். பதினாலாவது ஸ்தலம் வரைக்கும் குரல் வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்க," என்றாள் ஜோதிமணி.

"நடந்து பாத்தாத்தான்க்கா தெரியும்," என்றார் அஸ்பாக்.

கொடைக்கானல் பஜாரில் மைக், ஸ்பீக்கர் விற்கிறவர் அவர். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த ஒயர்லெஸ் செட்டைத் தூக்கிக்கொண்டு, வடகவுஞ்சிக்கு மேலே இருந்த அந்த மாதா கோயிலுக்குத் தாமே வந்திருந்தார். கையில் பிடிக்கிற மைக் ஒன்று, ஸ்பீக்கரில் செருகுகிற ரிசீவர் ஒன்று. மைக்கில் பேசுவது இங்கே கேட்கும். இங்கே பேசுவது அங்கே கேட்காது.

ஜோதிமணியும் கணவர் அருள்தாஸும் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார்கள். பெரிய வெள்ளியன்று மலையேறி, பதினாலு ஸ்தலங்களிலும் நின்று சொல்லும் சிலுவைப் பாதை ஜெபம், ஏற முடியாமல் கோயிலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும். போன வருடம் காட்டுமாடு ஒயரை இழுத்து அறுத்துவிட, ஜெபம் பாதியில் நின்றது. இந்த வருடமும் நின்றால் வத்தலக்குண்டு ஆட்களைக் கூப்பிட்டுக்கொள்வேன் என்று பங்குச் சாமியார் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்தச் சோலியும் போச்சுன்னா கடையைச் சாத்த வேண்டியதுதான் பாய்."

"போகாதுக்கா. அண்ணே, ஒவ்வொரு காலடிக்கும் நம்பர் சொல்லிக்கிட்டே மேலே போங்க. எங்க குரல் அறுந்துபோகுதோ, அதுதான் இதோட ரேஞ்சு."

அருள்தாஸ் மைக்கோடு கிளம்பினார். மத்தியானம் மூன்று மணிதான், அதற்குள் மேகம் இறங்கி மலையை மூடியிருந்தது. போன வார மழைக்குப் பிறகு அந்தப் பாதையில் யாரும் ஏறவில்லை.

"ஒண்ணு," என்றது ஸ்பீக்கர்.

ஜோதிமணி நெற்றியைச் சுருக்கினாள். "பாய், அவரு இன்னும் வாயே தெறக்கலை."

"விலை கம்மி செட்டுல குரல் கொஞ்சம் பிந்தித்தான்க்கா வரும். முந்தி வர்ற செட்டை இன்னும் எவனும் கண்டுபிடிக்கலை." அஸ்பாக் சிரித்தார். வியாபாரம் ஆகிற நேரத்தில் அவருக்குச் சிரிப்பு தாராளமாக வரும்.

நாலைந்து காலடியில் அருள்தாஸ் மேகத்துக்குள் மறைந்துபோனார். குரல் மட்டும் கணீரென்று வந்துகொண்டிருந்தது. போகப் போக எண்கள் விரைந்தன: ஐம்பது, நூறு, இருநூறு. அஸ்பாக்குக்கே ஆச்சரியம்.

"இருநூத்தி நாப்பத்தொண்ணு," என்றது ஸ்பீக்கர். டக் என்று ஒரு சத்தம். அப்புறம் வெறும் இரைச்சல்.

"அவ்வளவுதான் போலருக்கு," என்றார் அஸ்பாக் வருத்தமாக. "பதினாலாவது ஸ்தலத்துக்கு இன்னும் நூறு காலடியாவது வேணுமே."

"பாய், சத்தத்தைக் கொறைங்க. வெரசா."

அவர் குறைத்தார். காற்று மலையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில், ஸ்பீக்கர் இல்லாமல், அருள்தாஸின் சொந்தத் தொண்டை மேலேயிருந்து கேட்டது.

"நூத்திப் பத்து... நூத்திப் பதினொண்ணு..."

அஸ்பாக் ஸ்பீக்கரையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவரு இன்னும் அங்க போகவே இல்லை பாய்," என்றாள் ஜோதிமணி. "அப்ப இருநூத்தி நாப்பத்தொண்ணுல என்ன இருக்கு?"

அவள் கத்திக் கூப்பிட்டாள். எதிர்க்காற்று அவள் குரலைத் திருப்பி அவள் முகத்திலேயே அடித்தது. போனில் சிக்னல் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மலைப்பாதையில் ஓடினாள்.

முழங்கால் வலிக்காரரான அஸ்பாக் நின்ற இடத்திலேயே நின்றார். மேலேயிருந்து எண்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. இருநூற்றைத் தாண்டியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருநூத்தி நாப்பது..." மூச்சு வாங்கிய குரல். "இருநூத்தி நாப்பத்தொண்ணு..."

ஒரு அலறல். அதன்பின் எதுவும் கேட்கவில்லை.

"யா அல்லா," என்றார் அஸ்பாக்.

"பாய்," என்று மேகத்துக்குள்ளிருந்து ஜோதிமணியின் குரல் வந்தது. அழுகையும் சிரிப்புமாக வந்தது. "புடிச்சிட்டேன் பாய். சட்டையைப் புடிச்சு இழுத்துட்டேன். இங்க பாதையே இல்லை, மழைல அறுந்து கெடக்கு. மைக்குதான் பள்ளத்துல விழுந்துருச்சு."

அஸ்பாக்குக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அறுந்தது மைக்தான், மனிதர் இல்லை. மைக் போனால் போகிறது, இன்னொன்று தாமே கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஸ்பீக்கரை அணைக்கக் கையை நீட்டினார்.

ஸ்பீக்கரில் இரைச்சல் நின்றது. யாரோ சரிவில் தடுமாறி இறங்குகிற சத்தம். பிறகு மூச்சுத் திணறலும் விம்மலுமாக ஒரு ஆண்குரல். அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"கயிறு கொண்டாங்க, வெரசா கொண்டாங்க... அவங்க நின்ன மண்ணும் சேந்து சரிஞ்சிருக்கு... மைக்கு கெடக்கிற எடத்துலயே ரெண்டு பேரும் கெடக்காங்க..."

மேலே அந்த இரண்டு பேரும் பேசிச் சிரிக்கும் சத்தம் இன்னமும் காற்றில் வந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கருக்குள் அழுதுகொண்டிருந்தது அஸ்பாக்கின் குரல்.