பூட்டிய பெட்டி

கல்லூரி விடுதிக்கான இணையப் படிவத்தில் மாவட்டப் பெட்டி மட்டும் தன்னைப் பூட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த ‘தேனி’யை யாரும் திருத்திவிடக் கூடாதே என்ற பயம்.

விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மாணவி பூங்கோதை அனுப்ப அனுப்ப, “மாவட்டம் வரவில்லை” என்று சர்வர் திருப்பிவிட்டது.

“சர்வருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். திரையில் பளிச்சென்று தெரிகிறதே!” என்றது பெட்டி.

“தெரிந்து என்ன செய்ய? பூட்டிய பெட்டியிலிருந்து நான் எதையும் எடுத்துப்போவதில்லை, அப்பனே,” என்றது அனுப்பும் பொத்தான்.

“திறந்தால் கை வைப்பார்களே?”

“‘பார்க்க மட்டும்’ என்று பலகை மாட்டிக்கொள். அவர்களால் தொட முடியாது. நான் எடுத்துக்கொள்வேன்.”

பெட்டி தயங்கித் தயங்கிப் பூட்டைக் கழற்றிப் பலகையை மாட்டியது. பூங்கோதை மறுபடி அழுத்தினாள்.

“பூங்கோதை, தேனி. பதிவாகிவிட்டது,” என்றது சர்வர்.

பெட்டி அவசரமாக உள்ளே பார்த்தது. தேனி அங்கேயே இருந்தது.