தோற்றுப்போனதாக வைத்துக்கொள்வோம்

"முடிவு தோத்துப்போச்சுன்னு வச்சுக்க, செல்வி. இன்னையிலேர்ந்து ஒரு வருசம் கழிச்சு. ஏன் தோத்துச்சுன்னு சொல்லு."

இம்மானுவேல் அடுப்படி வாசலில் நின்று கேட்டான். ஒரு காதில் இயர்போன் இருந்தது.

முத்துச்செல்வி சட்டியில் அயிரை மீனைக் கல்லுப்புப் போட்டு உரசிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் அவள் வேலைக்குப் போகாத ஒரே நாள்.

முடிவெடுப்பது எப்படி என்று அவன் பார்க்கிற வீடியோக்களில் வந்த உளவியல் முறையாம் இது. ஒரு காரியத்தைத் தொடங்கும் முன்பே அது செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, செத்த காரணத்தைத் தேட வேண்டுமாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனுக்கு ஓசூர் வேலைக்கு ஆர்டர் வந்த நாளிலிருந்து இதே பாடுதான். திருமங்கலம் ரப்பர் கம்பெனியிலேயே இருப்பதா, ஓசூருக்குப் போவதா? இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

இத்தனை வருசம் இங்கே உழைத்ததைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது என்று முதலில் சொன்னான். மறுவாரம் அதைத்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தான்.

ஒரு நண்பனுக்கு இப்படி வந்தால் என்ன யோசனை சொல்வோம் என்று பார்க்க வேண்டும் என்றான். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அந்த நண்பனோடு வெகுநேரம் பேசினான். கதவுக்கு வெளியே துண்டோடு நின்றவளுக்குப் பழங்காநத்தம் லேபில் ரத்தம் எடுக்கும் வேலைக்குப் போக நேரமாகிவிட்டது.

ஒரு நாள் தன்னை எண்பது வயதுக் கிழவனாக நினைத்துக்கொண்டு, எதை எண்ணி அப்போது வருத்தப்படுவோம் என்று கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

போய்த் தொலையுங்கள், இல்லை இருந்து தொலையுங்கள் என்று அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கிறது.

"மனசுல வர்றதச் சொல்லு, போதும்" என்றான்.

அவள் யோசிக்கவே இல்லை.

"ஓசூர்ல ஒத்தையா ஒரு ரூம்ல இருக்கீங்க. வேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை பஸ் ஏறி மதுரைக்கு வாரீங்க. அந்த அலுப்புலயே வேலைய விட்டுர்றீங்க."

அவன் சிரித்தான். "நான் எதுக்கு இங்க வாரேன்? நீயும் பாப்பாவும் அங்கதான இருப்பீங்க?"

"நாங்க வரல."

"சரி, ஏன் வரல? காரணம் வேணும்ல. அதான இந்த முறையே."

"எங்க லேபு இங்க பரவையில புதுசா ஒரு கிளை தொறக்குது. அதுக்கு முழுப் பொறுப்பும் எனக்கு."

இம்மானுவேல் இயர்போனைக் கழற்றினான்.

"இது நெசமா?"

"நெசந்தான்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னேன். அன்னைக்கு நீங்க எண்பது வயசுல இருந்தீங்க."

குழாயைத் திறந்து மீனை அலசினாள். உப்பும் நுரையும் தொட்டியில் வழிந்தன. பிறகு அவன் முகம் தெளிந்தது.

"அப்ப நீயும் முடிவெடுக்கணும்ல. இரு, அந்த வீடியோவெல்லாம் அனுப்புறேன். ஒருக்கா பொறுமையாப் பாரு."

முத்துச்செல்வி குழாயை மூடினாள்.

"முடிவெடுத்தாச்சு. போன வாரமே சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"யாரக் கேட்டு..."

இம்மானுவேல் நிறுத்திக்கொண்டான்.

அவள் ஈரக்கையோடு அவன் பக்கம் திரும்பி, அவன் அந்தக் கேள்வியை முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.