சமரசம் உண்டா, இல்லையா?

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஒரு வார்த்தை மாறினாலும் என் தலைதான் உருளும்.

பம்பு செய்கிற கம்பெனியில், கூட்டம் நடக்கிற அறைக்கு டீ கொண்டுபோவது என் வேலை. என் வீட்டுக்காரர் முதுகு அடிபட்டுப் படுத்திருக்கிறார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

எங்கள் பம்பைக் காப்பியடித்துவிட்டதாக இன்னொரு கம்பெனிமேல் மூன்று வருஷமாகக் காப்புரிமை வழக்கு. இரண்டு மாதம் முன்பு புது மேடம் தலைமைக்கு வந்தார். மூத்த இயக்குநர் உட்படப் பழைய அதிகாரிகள் யாரையும் சேர்க்காமல், அந்தக் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துப் பேச ஆரம்பித்தார். சமரசம் ஆனால் எங்கள் பங்கு விலை எகிறும், ஆகாவிட்டால் சரியும் என்று ஆளாளுக்கு ஆரூடம் சொன்னார்கள்.

அப்போதுதான் மூத்த இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். எப்போதும்போல இருமல் மிட்டாயை வாயில் உருட்டிக்கொண்டே ஒரு தாளை நீட்டினார்.

“உள்ள காதுல விழுறது வாசலைத் தாண்டக் கூடாதும்மா. தாண்டினா வேலை போகும், போலீஸும் வரும். போடு கையெழுத்தை.”

போட்டேன். சாட்சியாக அவரும் போட்டார். ஒரு பிரதியை என்னிடமே கொடுத்தார்.

போன சனிக்கிழமை சாயங்காலம் கொழுந்தனார் வந்தார். பங்கு வாங்கி விற்கிறவர்.

“அண்ணி, ஒரே வார்த்தை. சமரசம் உண்டா, இல்லையா?”

“அவங்க பேசுறது இங்கிலீஷ். எனக்கு என்ன தெரியும் தம்பி?”

“ஒன்பது வருஷமா அந்த ரூமுக்குப் போறீங்க. அங்க கிடக்கிற நாற்காலிக்கே இந்நேரம் இங்கிலீஷ் வந்திருக்கும்!”

“அப்ப நாற்காலியைப் போய்க் கேளுங்க.”

கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர், “சொல்லித் தொலையேன். அவன் என்ன அந்நியனா?” என்றார்.

“வேலை போனா உங்க தம்பியா மருந்து வாங்கித் தருவாரு?”

கொழுந்தனார் முகம் சுண்டிப்போனது. “இருக்கிறதையெல்லாம் போட்டு உங்க கம்பெனிப் பங்கை வாங்கி வச்சிருக்கேன் அண்ணி. வாங்கச் சொன்னதே பெரிய மனுஷன் ஒருத்தர். அவர் பேசுறதைக் கேட்டா உங்களுக்கே தைரியம் வரும். நீங்க மூச்சு விடாம இருங்க.”

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னய்யா,” என்றது ஒரு குரல். “உங்க அண்ணி வாயைத் திறந்தாளா? டீக்காரிதானே, ரெண்டாயிரம் மூவாயிரத்தைக் காட்டு, கொட்டிடுவா.”

பேச்சுக்கு நடுவே டக், டக் என்று பல்லில் மிட்டாய் தட்டுகிற சத்தம்.

மூச்சு விடக்கூடாது என்றுதான் கொழுந்தனார் சொல்லியிருந்தார். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

“சார், இருமல் இன்னும் நிக்கலையா? திங்கக்கிழமை டீக்குப் பதிலா வெந்நீர் வைக்கட்டுமா?”

லைன் பட்டென்று அறுந்தது.

“அண்ணி… அவரை உங்களுக்கு எப்படி…?”

அவர் கையிலிருந்த ஃபோனை வாங்கி, அதில் இருந்த நம்பரைப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஃபோனில் பேசினவர் முந்திக்கொண்டு என்மேல் பழி போட்டுவிட்டால் என் கதி என்ன என்ற யோசனைதான் ஓடியது.

திங்கட்கிழமை அவர் வருவதற்கு முன்பே மேடத்தின் அறைக்குப் போனேன். நான் கையெழுத்துப் போட்ட தாளின் பிரதியில், பின்பக்கத்தில், ஃபோனில் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருந்தேன். நாள், நேரம், ஃபோன் நம்பர் எல்லாம். கொழுந்தனார் பெயரையும் மறைக்கவில்லை. ஃபோனில் பேசினவர் பெயரை எழுத மட்டும் கை வரவில்லை.

மேடம் இரண்டு தடவை படித்தார்.

“பேசினது யாருன்னு எழுதலையேம்மா?”

“அவரே கையெழுத்துப் போட்டிருக்கார் மேடம். தாளைத் திருப்பிப் பாருங்க.”