தாடை இல்லாத மீன்

பஸ் தலவாக்கலையைத் தாண்டவில்லை, அதற்குள் ஜீவராஜ் இரண்டு தரம் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டுகிறவன். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் கால் சும்மா இருக்காது என்று மனைவி கோசலாவிடம் சொன்னான்.

அவள் நம்பவில்லை. போன வாரமும் இதே பஸ்தான். கொட்டகலையில் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போவதாக இறங்கியவன், எதிரே வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டான்.

பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் இன்று கொட்டகலையைக் கடந்துவிடலாம். மழை, கூரைத் தகரம், பக்கத்து லயத்து வீடுகளின் சண்டை, எல்லாம் தீர்ந்துபோயின. அவள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அடுத்து வாயில் வந்தது நேற்றைய பாடம்தான்.

உலகத்தின் முதல் மீன்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவை அழிந்து யுகமாகிவிட்டது. கல்லில் பதிந்த தடம்தான் மிச்சம். தலை முழுக்கக் கவசம் மாதிரி எலும்பு. வாய் மட்டும் வெறும் ஓட்டை. கடிக்க முடியாது, மெல்ல முடியாது. ஏனென்றால் தாடை...

நிறுத்திக்கொண்டாள்.

கண்டி ஆஸ்பத்திரியில் நாளைக் காலை அவனுடைய கீழ்த்தாடையை எடுக்கப்போகிறார்கள். புற்று எலும்புக்குள் இறங்கிவிட்டது.

கொட்டகலையில் பஸ் நின்றது. ஜீவராஜ் எழுந்தான்.

மறிக்க அவளுக்குத் தெம்பில்லை. முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள்.

அவன் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"அப்ப அது எப்படித் தின்னுச்சு?"

சேற்றில் கிடந்ததை உறிஞ்சித்தான் என்றாள், தலையைத் தூக்காமல். அப்படியே எவ்வளவு காலம் இருந்தது என்று கேட்டான். பல கோடி வருசம் என்றாள்.

கண்டக்டர் மணியடித்தார். பஸ் நகர்ந்தது. ஜீவராஜ் மறுபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவர்களுடைய மகள் நிஷாந்தி இப்போதுதான் மூன்றாம் வகுப்பு.

"எனக்கு அம்புட்டெல்லாம் வேணாம். பாப்பா பதினோராம் வகுப்பு முடிச்சு ஓ.எல். பரீட்சை எழுதுற வரைக்கும் இருந்தா போதும்."

 

ஹட்டனில் கண்டி பஸ்ஸுக்கு மாற வேண்டும். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் அவனைக் காணவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸ்டாண்டின் மறுபக்கம் ஓடினாள்.

புறப்பட நின்ற கண்டி பஸ்ஸில், பக்கத்து சீட்டின் மேல் கையை விரித்துவைத்து, அவளுக்கு இடம் பிடித்து உட்கார்ந்திருந்தான்.