பதினொன்றாவது மெசேஜ்

அந்த முன்னறையில் மூன்று பேர் இருந்தோம்: பழைய போன்களின் நிறைகுறைகளைப் பத்திரிகைக்கு எழுதும் நான், படமெடுக்க வந்த என் மச்சான், போனுக்குச் சொந்தக்காரியான தையல்காரம்மா.

நிறைகளை முதலில் எழுதினேன். சார்ஜ் நான்கு நாள் நிற்கும். பட்டன்கள் இன்னும் கல்லு மாதிரி இருக்கின்றன. குறை ஒன்றுதான். பத்து மெசேஜுக்கு மேல் தாங்காது. பதினொன்றாவது வந்தால் திரையில் ஒரு கடித உறை மினுக்கும். பழையதில் ஒன்றை அழித்தால்தான் அது உள்ளே வரும்.

பத்தும் தையல்காரம்மாவின் தம்பி அனுப்பியவை. தம்பி செத்து ஆறு வருடம் ஆகிறது.

“மணி அடிக்க மாட்டான், சோம்பேறி. வாசல்ல நின்னுக்கிட்டு மெசேஜ் போடுவான்,” என்றார். “பத்துலயும் ஒண்ணேதான், ‘அக்கா, கதவைத் திற.’ அவன் விட்டுட்டுப் போனது இதுதாங்க. ஒண்ணைக்கூட அழிக்க மனசு வரல.”

அப்போது உறை மினுக்கியது.

பின்மூடியைக் கழற்றிப் படமெடுத்தபோதே பார்த்திருந்தோம், உள்ளே சிம் இல்லை.

“டப்பாவுக்குக் கிறுக்கு புடிச்சிருச்சு, விடு மாப்ள,” என்றான் மச்சான்.

தையல்காரம்மா போனை வாங்கிக்கொண்டார். மினுக்குவதையே வெகு நேரம் பார்த்தார். பிறகு ஆகப் பழைய மெசேஜை அழித்தார்.

“அக்கா, கதவைத் திற.”

அனுப்பிய நேரம் அன்று காலை பத்து மணி. சுவர்க் கடிகாரத்தில் பத்தரை.

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே யாரும் இல்லை.

“அரை மணி நேரமாவாடா நிக்கிற?” என்று கேட்டார்.

ஒரு ஆள் நுழைய வழிவிட்டு ஒதுங்கி நின்றார். பிறகு கதவைச் சாத்திப் பூட்டினார்.