கணவாய்க் குழம்பு

தேர்தல் நாளும் அதுவுமாய், பொழுது விடிந்ததும் விடியாததுமாய், ஞானபாக்கியம் கொல்லையில் உட்கார்ந்து கணவாய் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். மதிலுக்கு மேல் ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டுக் கிருபாபாய்.

தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று வாசத்திலேயே சொல்லிவிடுகிறவள் கிருபாபாய். இந்த வீட்டில் கணவாயைப் பார்த்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

"ஏளா பாக்கியம், என்ன விசேஷம்? விருந்து காண்ட்ராக்டருக்கா, வக்கீலுக்கா?"

"விருந்தென்ன விருந்து. கூடைக்காரி கொண்டுவந்தா, வாங்குனேன்."

கிருபாபாய் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த எழுபத்தேழாம் வருஷத் தேர்தலில் தொகுதியில் நின்ற இருவரையும் ஞானபாக்கியத்துக்கு நன்றாகவே தெரியும். காண்ட்ராக்டர் அருமைநாயகத்தின் இற்றுப்போன கயிறு அறுந்துதான், துறைமுகத்தில் அவள் புருஷன் தேவதாசன் மூட்டைகளுக்கு அடியில் போனான். வக்கீல் சக்ரபாணி அவளுக்காக நஷ்டஈட்டுக் கேஸை எடுத்தவர். எடுத்த கையோடு காண்ட்ராக்டர் வீட்டில் காப்பி குடித்து, கேஸைக் காணாமல் அடித்தவரும் அவரே.

இப்போது மகன் எபனேசருக்குத் துறைமுகத்தில் வேலை கொடுத்திருப்பவர் காண்ட்ராக்டர். குடியிருக்கும் வீடோ வக்கீலுடையது. அப்போதெல்லாம் ஓட்டுப் போட இருபத்தொரு வயது ஆகவேண்டும்; மகனுக்கு ஆகாததால் வீட்டுக்கு ஒரே ஓட்டுத்தான்.

அந்த ஒரு ஓட்டுக்கு ஏக கிராக்கி. 'தேவதாசன் சம்சாரமே எனக்குத்தான் போட்டாள்' என்று சொல்லிக்கொள்ள முடிந்தால், பழைய அழுக்கெல்லாம் சோப்புப் போடாமலே வெளுத்துவிடும் அல்லவா.

காண்ட்ராக்டரின் ஆள் மாசானம் வந்து, எபனேசரின் வேலையை நலம் விசாரித்துவிட்டுப் போனான். வக்கீலின் ஆள் பவுல் வந்து கூரையை அண்ணாந்து பார்த்து, "நல்ல வீடு மைனி, விட்டுராதிய" என்றான். சீட்டு நம்பரைப் பார்த்து யாருக்குப் போட்டோம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தெருவே நம்பியது. நம்பவைத்ததும் அவர்கள்தான்.

"அப்ப யாருக்குத்தாம்ளா போடப்போற?" என்றாள் கிருபாபாய்.

"யாருக்குப் போட்டாலும் ஒண்ணு போகும்க்கா. வேலையோ, வீடோ."

"போகாம வீட்டுலயே படுத்துக்கிட்டா?"

"ரெண்டும் போகும்."

"ஜெபம் பண்ணிப் பாரேன்."

"பண்ணுனேன். கர்த்தரும் யோசிக்காரு போல."

குழம்பு கொதித்ததும் ஞானபாக்கியம் ஒரு கரண்டி எடுத்து மதில் வழியாக நீட்டினாள். "உப்பு பாருங்கக்கா." ஓட்டுக் கவலையில் இவளுக்கு நாக்கும் மரத்துவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு, கிருபாபாய் சப்புக்கொட்டினாள். அப்படியே, கரண்டி பிடிக்காத மற்ற கையையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"இடது கையெல்லாம் கணவாய் மை அப்பிக் கெடக்கே. புளியப் போட்டுத் தேயி, போயிரும்."

"நேரமில்லக்கா. ஜீப் வந்துட்டு."

வந்தது ஒன்றல்ல, இரண்டு. ஞானபாக்கியம் இரண்டிலும் ஏறாமல் நடந்தாள். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஜீப்புகள் பின்னால் ஊர்ந்தன. கிருபாபாயும் கூடவே நடந்தாள். தன் ஓட்டை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது அவளுடைய தனி வருத்தம்.

கிருபாபாய் வெளியே வரிசையில் பின்தங்கிவிட்டாள். வாக்குச்சாவடிக்குள் மாசானமும் பவுலும் ஏஜெண்டுகளாக உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி இடது ஆள்காட்டி விரலை நீட்டச் சொன்னார். நீட்டினாள். நகக்கண் வரைக்கும் கறுப்பு.

"ஏற்கெனவே போட்டாச்சாம்மா?"

"இல்லங்கய்யா. கணவாய் மீன் அறுத்தேன். அதோட மை."

அதிகாரி பாளையங்கோட்டைப் பக்கம், சுத்த சைவம். "மீனுக்கு ஏதும்மா மை?" என்றார்.

மாசானமும் பவுலும் கடலோரத்தில் பிறந்தவர்கள். கணவாய்க்கு மை உண்டென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஓட்டு எதிராளிக்குப் போய்விட்டால் என்ற பயம் இருவர் வாயையும் கட்டியது. சாட்சி சொல்லத்தான் வாய் வரவில்லை, சண்டைக்கு வந்தது.

"காலையிலயே வேற பேர்ல போட வச்சிட்டியளோ?" என்றான் பவுல்.

"ஏலே, அத நாங்க கேக்கணும்" என்றான் மாசானம்.

"விரலில் கறை இருந்தால் சீட்டு கிடையாது. சட்டம்" என்று முடித்துவிட்டார் அதிகாரி. ஞானபாக்கியம் மறுபேச்சுப் பேசாமல் திரும்பினாள்.

பவுல் வாசல்வரை வந்தான். "ஒங்க மேல குத்தமில்ல மைனி. அந்த ஆளு சரியில்ல." மாசானமும் பின்னாலேயே வந்து, "நீங்க வந்தியள்லா யக்கா, அது போதும். அண்ணாச்சிட்ட சொல்லுதேன்" என்றான். கொண்டுவிட மட்டும் ஜீப் எதுவும் வரவில்லை. உப்புக்காற்றில் மண் பறக்க, வந்த வழியே நடந்தாள்.

ஓட்டுப் போட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பிய கிருபாபாய், நேரே மதிலுக்குத்தான் வந்தாள். ஞானபாக்கியம் கொல்லையில் புளியைப் போட்டு விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இத அப்பவே செஞ்சிருந்தா என்ன? ஒரு நாளு நாக்க அடக்க முடியலயாளா ஒனக்கு? போயும் போயும் கணவாய்க்கு ஆசப்பட்டு ஓட்டப் போக்கிட்டு வந்து நிக்க."

ஞானபாக்கியம் உள்ளே போய்க் குழம்புச் சட்டியைத் தூக்கி வந்து மதில்மேல் வைத்தாள். ஒரு துண்டு குறையவில்லை.

"நீங்களே சாப்பிடுங்கக்கா. எங்க வீட்டுல யாருக்கும் கணவாய் ஆகாது."